பதினோரு நாள் பச்சை

நீங்க படி ஏற வேண்டாங்க அக்கா. முழங்கால் வலின்னீங்கல்ல, அது நூத்தி நாப்பது படி. உங்க ஊரு சேர்மனும் மத்த கவுன்சிலருங்களும் எங்க மேனேஜரு பிரகதீஷ் சார்கூட மேல போயி, புகைபோக்கியச் சுத்திப் பாத்துட்டு எறங்கி வர எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும். நாம இந்த ரூம்லயே உக்காந்துக்கலாம். விருந்தாளிங்களுக்குன்னே போட்ட ரூமுங்க இது. காப்பி சொல்லட்டுங்களா?

வேண்டாமா. சரிங்க.

வரும்போது வாசல் கேட்டுப் பக்கத்துல இருக்கிற போர்டைப் பாத்து ஒண்ணு சொன்னீங்கல்ல. "எங்க ஊருல இந்தக் குப்பை எரிச்சுக் கரண்ட் எடுக்கிற ஃபேக்டரி வந்தா, முதல்ல இந்த மாதிரி ஒரு போர்டு கேப்பேன்"னு. அதைக் கேட்டதுல இருந்து எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க அக்கா. ரெண்டு வருஷமா நான்தான் வர்றவங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டறேன். எத்தனையோ ஊருல இருந்து வந்துட்டாங்க. போர்டு முன்னால நின்னு போட்டோ எடுப்பாங்க, போயிருவாங்க. நீங்கதான் நின்னு, மூக்குக் கண்ணாடியப் போட்டு, எழுத்தெழுத்தாப் படிச்சீங்க. படிச்சிட்டு "நல்ல ஏற்பாடு"ன்னீங்க.

சித்த கதவைச் சாத்திக்கறேனுங்க. ஏசி வெளிய போகுது.

என் பேரு துளசிமணி. பாலிடெக்னிக்ல டிப்ளமா முடிச்சிருக்கறேன், இன்ஸ்ட்ருமெண்டேஷன். அளக்கிற மெஷினுங்களைப் பத்தின படிப்புங்க. இந்த ஊருதான். அதோ, அந்த தண்ணி டேங்க் தெரியுதுங்களா, அதுக்குப் பின்னால என்ற வீடு. ஆறு வருஷத்துக்கு முன்னால இங்க ஃபேக்டரி வருதுன்னதும் ஊரே ரோட்டுல உக்காந்துச்சு. நகராட்சியும் கம்பெனியும் சேர்ந்து நடத்தறதுன்னாங்க. இடம் நகராட்சியோடது, குப்பை நகராட்சியோடது, மெஷினு கம்பெனியோடது. "அப்ப ஒப்பந்தத்தைக் காட்டுங்க, என்ன எழுதியிருக்கறீங்கன்னு பாக்கறோம்"னு எங்க சனங்க கேட்டாங்க. அது வியாபார ரகசியம், காட்ட முடியாதுன்னு சொல்லிட்டாங்க. பேச்சுவார்த்தை அஞ்சாறு தடவை நடந்துச்சு. கடைசில வந்து நின்னது இந்தப் போர்டுலதானுங்க. புகைபோக்கில வெளிய போற தூசி எவ்வளவுன்னு நிமிஷத்துக்கு நிமிஷம் கேட்டுல காட்டுவோம். அம்பதுக்குள்ள இருந்தா பச்சை. தாண்டுனா செவப்பு. சரி, கண்ணுல பாத்துக்கலாமேன்னு சனங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க.

உள்ளூர் ஆளுங்களுக்கு வேலைன்னும் சொல்லியிருந்தாங்க. அதுல எனக்குக் கெடச்சது கன்ட்ரோல் ரூம். மேல இருக்கிற மெஷினு அளக்கும், நம்பரு என்ற கம்ப்யூட்டருக்கு வரும், அங்கிருந்து போர்டுக்குப் போகும். நான் பாத்துக்கணும், அவ்வளவுதான். ஊருல என்னைய "போர்டுக்காரப் புள்ள"ம்பாங்க. எனக்கு அது பெருமையா இருந்துச்சுங்க, பொய் சொல்ல மாட்டேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கவர்மெண்ட் மிடில் ஸ்கூல் இருக்குது. பி.டி. மாஸ்டரு பேரு குழந்தைவேலு. அம்பத்தேழு வயசு இருக்கும். காலைல எட்டரைக்கு டிவிஎஸ் அம்பதுல வருவாரு. கேட்டுக்கு எதுத்தாப்புல ஒரு காலை ஊனி நின்னு, போர்டைப் பாத்து, சட்டைப் பையில இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நம்பரை எழுதிக்குவாரு. பச்சைன்னா புள்ளைங்களைக் கிரவுண்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போவாரு. செவப்புன்னா வகுப்புக்குள்ளயே கேரம் போர்டு. ஒரு நாள், ரெண்டு நாள் இல்லீங்க. மூணு வருஷம். யாரும் அவரை எழுதச் சொல்லலை.

ஒருக்கா டீக்கடையில பாத்தப்ப, "மாஸ்டர், அந்த நம்பரை அனுப்பறதே நான்தானுங்க"ன்னேன்.

டம்ளரைக் கீழ வெச்சுட்டாரு. "அப்படியா அம்மிணி! அப்ப உன்னைய நம்பித்தான் நான் விசிலே ஊதறேன்"னு சிரிச்சாரு.

அன்னிக்கு வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட அதைச் சொன்னனுங்க. ரெண்டு தடவை சொன்னேன்.

மொத தடவை மெஷினு ரிப்பேரானப்ப, போர்டுல நம்பருக்குப் பதிலா வெறும் கோடு கோடா வந்துச்சு. அரை மணி நேரத்துல கேட்டுல அம்பது பேரு. என்ன மறைக்கறீங்கன்னு சத்தம். நகராட்சில இருந்து போன் மேல போன். பிரகதீஷ் சார் என்ற பக்கத்துல வந்து நின்னாரு. அவரு நல்ல மனுசனுங்க, அதட்டிப் பேச மாட்டாரு. "துளசி, கோடு வந்தா சனங்க பயப்படறாங்க. காலைல எவ்வளவு இருந்துச்சு?"ன்னாரு. முப்பத்தி ரெண்டு சார்ன்னேன். "அதையே போடு. முன்னப்பின்ன ஒண்ணு ரெண்டு மாத்தி விடு. மெஷினு சரியானதும் எடுத்துறலாம். இது பொய் இல்லம்மா, காலைல இருந்த நெசம்தான"ன்னாரு.

ரெண்டு மணி நேரம்தானுங்க அன்னிக்கு. கூட்டம் கலைஞ்சு போயிருச்சு. அப்புறம் ஒரு தடவை அரை நாள். இன்னொரு தடவை ஒரு முழு நாள். கண்காணிப்புக் கமிட்டின்னு ஒண்ணு இருக்குதுங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா வருவாங்க. இந்த ரூம்லதான் உக்காருவாங்க. நான் பிரிண்ட் எடுத்துக் குடுக்கிற தாளைப் புரட்டிப் பாப்பாங்க. "போர்டு ஓடுதா?"ம்பாங்க. ஓடுதுங்கன்னு சொல்லுவோம். கையெழுத்துப் போட்டுட்டுப் போவாங்க. தனியாச் சரிபாக்கறதுக்குன்னு ஒரு இன்ஜினியரும் உண்டு. ஆனா அவருக்குச் சம்பளம் குடுக்கறது கம்பெனி. ஒப்பந்தத்துலயே அப்படித்தானாம். ஒப்பந்தத்தைத்தான் யாரும் பாத்ததில்லையே.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால, ஆடி மாசம். அளக்கிற மெஷினுல ஏதோ ஒரு பாகம் போயிருச்சு. வெளிநாட்டுல இருந்து வரணும்னுட்டாங்க. பதினோரு நாள் ஆச்சுங்க அக்கா. பதினோரு நாளும் நம்பரு போட்டது நான்.

காலைல வந்து உக்காந்ததும் மொத வேலை அதான். முப்பத்தி ஒண்ணு, முப்பத்தி நாலு, இருவத்தி ஒம்பது. ஒரே மாதிரி இருந்தா சந்தேகம் வரும்னு ஒரு நாள் நாப்பத்தி ஏழு வரைக்கும் ஏத்தி, மறுபடி எறக்கினனுங்க. அதை யாரும் சொல்லித் தரலை. நானா யோசிச்சுப் பண்ணதுதான். பிரகதீஷ் சார் பாத்துட்டு "பரவால்லையே"ன்னாரு.

அந்த வாரம் சாரல் விடாம அடிச்சுது. குப்பையெல்லாம் சொதசொதன்னு ஈரம். ஈரக் குப்பை சரியா எரியாது, புகைதான் வரும். ஜன்னல்ல எனக்குத் தெரிஞ்சுதுங்க, புகை வெள்ளையா இல்லை, பழுப்பா இருந்துச்சு. ஆடிக் காத்து வேற. மேக்க இருந்து கெழக்க அடிக்கும். கெழக்கதான் ஸ்கூலு. ஆனா புகையோட நெறத்தைப் பாக்கறது என்ற வேலை இல்லீங்களே. என்ற வேலை நம்பரு. அம்மாகிட்ட மட்டும் சொல்லி வெச்சிருந்தேன், ஜன்னலைச் சாத்தியே வெச்சுக்க, துணிய உள்ள காயப் போடுன்னு. அம்மாவுக்கு இளைப்பு இருக்குது, அதனால சொன்னது. அது வேற விஷயம்.

ஒம்பதாவது நாளு, வியாழக்கெழமை. மாஸ்டரு வந்தாரு, கால ஊனி நின்னாரு, எழுதுனாரு. முப்பத்தி மூணு, பச்சை. மேல ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பாத்தாரு. மறுபடியும் போர்டைப் பாத்தாரு. அப்புறம் வண்டியக் கெளப்பிக்கிட்டுப் போயிட்டாரு.

எறங்கிப் போயிச் சொல்லியிருக்கலாம். கேட்டு வரைக்கும் அறுவது அடி கூட இருக்காது. மாஸ்டர், இன்னிக்கு வேண்டாங்கன்னு ஒரு வார்த்தை. ஏன்னுகூட அவரு கேட்டிருக்க மாட்டாரு.

அடுத்த வாரம் வட்டார விளையாட்டுப் போட்டி. புள்ளைங்க ஓடிப் பழகணும். நாத்தமா இருக்குதுன்னு அறிவியல் டீச்சர் சொன்னாங்களாம். "நானும் அதான் நெனச்சேன் டீச்சர், ஆனா போர்டு பச்சைல இருக்குதே"ன்னு சொல்லிட்டு விசில் ஊதியிருக்காரு. பத்து மணிக்குள்ள பத்தொம்பது புள்ளைங்க இருமி இருமி உக்காந்துருச்சுங்க. அஞ்சு பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. அதுல சம்யுக்தான்னு ஒரு புள்ள, அப்ப ஏழாவது. நல்லா ஓடுவா. அவளுக்கு மூணு நாள் ஆக்சிஜன் வெச்சாங்க. பொழச்சுக்கிட்டா, பொழச்சுக்கிட்டா. ஆனா இனிமே ஓடக் கூடாதுன்னுட்டாங்க. மாடிப்படி ஏறுனாலே இன்னிக்கும் இழுக்குதாம்.

அன்னிக்கு மத்தியானம் ஊரே திரண்டுச்சு. எங்க கேட்டுக்கு வருவாங்கன்னு எல்லாரும் பயந்தோம். வரலை. போர்டுதான் பச்சையா இருக்குதே. ஸ்கூலுக்குப் போனாங்க. புகையில புள்ளைங்களை ஓட விட்டவன் எவன்டான்னு மாஸ்டரோட சட்டையப் புடிச்சு இழுத்துட்டாங்க. அவரு அந்த நோட்டைக் காட்டிக் காட்டி, "முப்பத்தி மூணுங்க, முப்பத்தி மூணுங்க"ன்னு சொன்னாராம். அதைப் புடுங்கித் தரையில போட்டிருக்காங்க. அடுத்த நாளே சஸ்பெண்டு.

அப்புறம் விசாரணை வெச்சாங்க. கம்பெனில இருந்து போர்டு பாக்கிற ஆளை அனுப்புங்கன்னு கடுதாசி வந்துச்சு. பிரிண்ட் தாளோட என்னைய அனுப்புனாங்க. பிரகதீஷ் சார் கார்லயே கொண்டு போயி விட்டாரு. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு துளசி, கேக்காததைச் சொல்ல வேண்டாம்"னாரு. மாஸ்டரு எனக்கு எதுத்த சேர்ல. தாடி வளந்திருந்துச்சு. என்னையப் பாத்ததும் அவரு மொகத்துல ஒரு தெளிவு வந்துச்சுங்க. போர்டுக்காரப் புள்ள வந்துருச்சு, இனி விஷயம் வெளிய வந்துரும்னு நெனச்சிருப்பாரு.

விசாரணை அதிகாரி கேட்டாரு, "அன்னிக்குப் போர்டுல இருந்த நம்பரும் உங்க கம்ப்யூட்டர்ல இருந்த நம்பரும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் சார்."

"வித்தியாசம் எதுவும் இல்லை?"

"இல்லை சார்."

அவ்வளவுதானுங்க கேட்டாரு. நான் சொன்னது பொய்யில்லை. ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுலயும் இருந்தது நான் போட்ட நம்பருதான். அந்த நம்பரு கம்ப்யூட்டருக்குள்ள எப்படி வந்துச்சுன்னு அவரு கேக்கலை. நானும் சொல்லலை. காத்து சரியில்லைன்னு நாத்தத்துலயே தெரிஞ்சும் புள்ளைங்களை வெளிய கொண்டு போனது மாஸ்டரோட கவனக்குறைவுன்னு எழுதிட்டாங்க. எட்டு மாசம் கழிச்சு, சத்தியமங்கலம் தாண்டி மலைக்கு மேல ஒரு ஸ்கூலுக்கு மாத்திட்டாங்க. அவரு சம்சாரமும் புள்ளைங்களும் இங்கதான் இருக்காங்க, அவரு மட்டும் தனியா அங்க.

சம்யுக்தாவோட அப்பா சென்னியப்பண்ணன் சும்மா இருக்கலை. தறி ஓட்டறவரு, அவ்வளவு படிப்பில்லை, ஆனாலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனுப் போட்டாரு. அந்தப் பதினோரு நாளைக்கு மெஷினு அளந்த கணக்கைக் குடுங்கன்னு. மெஷினு கம்பெனியோடது, அங்க கேளுங்கன்னு நகராட்சி பதில் எழுதுச்சு. நாங்க நகராட்சிக்குத்தான் பதில் சொல்லணும், வெளியாளுக்கு இல்லைன்னு கம்பெனி எழுதுச்சு. கம்பெனியோட பதிலை டைப் அடிச்சது நான்தான். மேல ஒரு தடவை அப்பீல் பண்ணாரு. அப்புறம் விட்டுட்டாரு. பொழப்பைப் பாக்கணுமல்ல.

என்னைய அந்த வருஷமே கன்ட்ரோல் ரூம்ல இருந்து எடுத்து, இந்த விருந்தாளி வேலைக்குப் போட்டாங்க. நல்லாப் பேசறே துளசின்னாங்க.

போன சித்திரையில, லீவுல, நான் மலைக்குப் போனனுங்க. யாருகிட்டயும் சொல்லலை. கோயிலுக்குப் போறேன்னு அம்மாகிட்ட சொன்னேன். மாஸ்டரு ஸ்கூலுக்குப் பக்கத்துலயே ஒரு ஓட்டு வீட்டுல இருந்தாரு. என்னையப் பாத்ததும், "வா அம்மிணி, இவ்வளவு தூரம் எதுக்கு வந்தே, சாப்பிட்டியா?"ன்னு கேட்டாரு. அதைக் கேட்டதும் வாசல்லயே உக்காந்துட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். மெஷினு கெட்டது, பதினோரு நாளு, நாப்பத்தி ஏழு வரைக்கும் ஏத்தி எறக்குனது, எல்லாம்.

அவரு உள்ள போயி அந்த நோட்டை எடுத்துக்கிட்டு வந்தாரு. அந்த வாரத்துப் பக்கத்தை விரிச்சாரு. ஒவ்வொரு நம்பரா வெரல் வெச்சு, "இது?"ன்னாரு.

"நான் போட்டதுங்க."

"இது?"

"அதுவும்தாங்க."

வியாழக்கெழமையில வந்து வெரல் நின்னுச்சு. "அன்னிக்கு நெசமா எவ்வளவு இருந்துச்சு அம்மிணி?"

"தெரியாதுங்க மாஸ்டர். அளக்கவே இல்லையே. யாருக்கும் தெரியாது."

அப்பத்தான் அவருக்குக் கண்ணு கலங்குச்சு. திட்டுனா தாங்கிக்கலாம்னுதான் நான் போனது. அவரு திட்டலை. "ஒண்ணும் போடாம விட்டிருந்தாப் போதுமேம்மா. கோடு வந்திருந்தா நான் வெளிய கூட்டிக்கிட்டே போயிருக்க மாட்டேனே"ன்னாரு. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. ஒண்ணும் போடாம விட்டிருந்தாப் போதுமேன்னு.

பஸ் ஏத்தி விட வந்தாரு. ஏறும்போது ஒண்ணு சொன்னாரு. "எனக்காக ஒண்ணும் எழுதிக் குடுக்க வேண்டாம் அம்மிணி, என்ற சர்வீஸ் முடியப் போகுது. சென்னியப்பன் வீட்டுக்கு மட்டும் ஒருக்காப் போயிச் சொல்லிரு. அந்தப் புள்ள என்னையப் பத்தி என்ன நெனச்சுக்கிட்டிருக்குதோ."

சரிங்க மாஸ்டர்ன்னேன். போனேனுங்க. அடுத்த ஞாயித்துக்கெழமையே போனேன். சென்னியப்பண்ணன் தறிக்குப் போயிருந்தாரு. அவரு சம்சாரம் உக்காரு துளசின்னு டீ வெக்க உள்ள போனாங்க. சம்யுக்தா பாடம் எழுதிக்கிட்டிருந்தா. வளந்துட்டா. மாஸ்டரைப் பாத்துட்டு வந்தேன் கண்ணுன்னேன்.

அவ பேனாவை மூடி வெச்சா. "எம்மேல கோவமா இருக்காராக்கா?"

"உம்மேலயா? எதுக்கு?"

"அன்னிக்கு அவரு போதும், எல்லாரும் வகுப்புக்குப் போங்கன்னுதான் சொன்னாரு. நான்தான் இன்னொரு ரவுண்டு மாஸ்டர், இன்னும் ஒரே ஒரு ரவுண்டுன்னு கெஞ்சுனேன். அதனாலதான எல்லாமே. என்னாலதான அவரு மலைக்குப் போனாரு. அப்பாகிட்ட கூட இதை நான் சொல்லலைக்கா."

பதிமூணு வயசுப் புள்ளதானுங்க. ரெண்டு வருஷமா அதை உள்ள வெச்சுக்கிட்டிருக்கறா. அப்பவாவது என்ற வாய் தொறந்திருக்கணுமல்ல. அப்படியெல்லாம் இல்ல கண்ணு, உன்னால இல்லைன்னேன். "அப்ப யாராலக்கா?"ன்னு கேட்டா. அதுக்குள்ள அவங்கம்மா டீ கொண்டாந்துட்டாங்க. நான் டீயக் குடிச்சேன். டீ நல்லா இருக்குதுங்கன்னு சொன்னேன். எந்திரிச்சு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் அந்தத் தெரு வழியா நான் போறதில்லைங்க. சுத்திக்கிட்டுத்தான் போறேன். எனக்கு ஒரு தம்பி படிக்கிறான், அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும்னு எனக்கு நானே ஆயிரம் சொல்லிக்குவேன். பிரகதீஷ் சார் சொல்லித்தான பண்ணேன்னும் சொல்லிக்குவேன். ஆனா அந்த நாப்பத்தி ஏழு இருக்குதுங்களே, அதை யாரும் சொல்லலை.

இன்னிக்கு மெஷினு ஓடுதான்னு கேக்கறீங்களா? ஓடுதுன்னுதான் கன்ட்ரோல் ரூம்ல சொல்றாங்க. இப்ப அங்க வேற ஒரு புள்ள உக்காந்திருக்கறா. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க. நான் கேக்கறதில்லை.

சத்தம் கேக்குதுங்களா, எறங்கி வர்றாங்க. இந்த ரூமுக்குத்தான் வருவாங்க. எல்லாரும் உக்காந்ததும் பிரகதீஷ் சார் படம் போட்டுக் காட்டுவாரு. முடிச்சிட்டு, "ஏதாவது கேக்கணுங்களா?"ம்பாரு. வழக்கமா எத்தனை யூனிட் கரண்ட் வருது, எத்தனை பேருக்கு வேலைன்னுதான் கேப்பாங்க. நீங்க இதைக் கேளுங்க அக்கா. மெஷினு கெட்டுப் போற நாள்ல போர்டு என்ன காட்டும்? அந்த நம்பரை யாரு போடறாங்க? அதைப் போயிப் பாக்கறதுக்கு உங்க ஊரு சனங்களுக்கு உரிமை இருக்குதா?

கேட்டா அவரு என்னையத்தான் திரும்பிப் பாப்பாரு. "சொல்லு துளசி"ம்பாரு. எப்பவும் அப்படித்தான், போர்டைப் பத்தி எது கேட்டாலும் என்னையச் சொல்லச் சொல்லுவாரு. கேட்டுட்டாங்கன்னா நான் சொல்லிருவேன்னுதான் நெனைக்கறேனுங்க. அத்தனை பேரு முன்னாலயும் சொல்லிருவேன். தானா எந்திரிச்சுச் சொல்ல எனக்கு வாய் வரலை, ரெண்டு வருஷமா வரலை. யாராவது ஒருத்தரு கேக்கணும்.

கதவைத் தொறக்கறேனுங்க. கேளுங்க அக்கா. மறக்காமக் கேளுங்க.